மண்குடமும் பொன்குடமும்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லி வைத்தவர் நாடாளுமன்றத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் இன்னொரு வரியும் சேர்த்திருப்பார்: ஐந்தோ பத்தோ ஆண்டுகளில் மருமகள் மாமியாராகிவிடுவாள், குடத்தின் விலையும் அன்றைக்கே மாறிவிடும்.

2010 நவம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 13 வரை நடந்தது. ‘நடந்தது’ என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரம் வெடித்திருந்த நேரம். தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. இராசா நவம்பர் 14 அன்று பதவி விலகினார். எதிர்க்கட்சிகளுக்கு அது போதவில்லை. கூட்டு நாடாளுமன்றக் குழு அமைத்தால்தான் அவை நடக்கும் என்றது பாரதிய ஜனதா. பொதுக் கணக்குக் குழுவே போதும், அதற்குத் தலைவரே உங்கள் முரளி மனோகர் ஜோஷிதானே என்றது காங்கிரஸ். தினமும் காலையில் கூடுவது, கூச்சல், ஒத்திவைப்பு. தொடர் முடிந்தபோது கணக்குப் பார்த்தால், திட்டமிட்ட நேரத்தில் மக்களவை வேலை செய்தது 6 விழுக்காடு. மாநிலங்களவை 2 விழுக்காடு.

அதற்கு அடுத்த மாதம் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜேட்லி ஒரு விளக்கம் கொடுத்தார். விவாதிப்பதுதான் நாடாளுமன்றத்தின் வேலை, ஆனால் பிரச்சினையைத் தட்டிக்கழிக்க நாடாளுமன்றத்தையே பயன்படுத்தும்போது, முடக்குவது ஜனநாயகத்துக்கு ஆதரவான செயல்தான் என்பது அதன் சாரம். 2012-இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் மழைக்காலத் தொடருக்கும் அதே கதிதான். அவையை நடக்கவிடாமல் செய்வதும் ஜனநாயகத்தின் ஒரு வடிவம்தான் என்று மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் அப்போது சொன்னார். மக்கள் வரிப்பணம் வீணாகிறது, நாட்டின் மானம் போகிறது என்று அன்றைக்குக் கண்ணீர் வடித்தவர்கள் காங்கிரஸ்காரர்கள்.

2015 ஜூலைக்கு வருவோம். நாடகம் அதே, வேடம்தான் மாறியிருந்தது. இப்போது சுஷ்மா வெளியுறவு அமைச்சர். ஐபிஎல் முன்னாள் தலைவர் லலித் மோடிக்குப் பயண ஆவணம் கிடைக்க உதவினார் என்ற புகாரில், காங்கிரஸ் உறுப்பினர்கள் பதாகைகளோடு சபாநாயகரின் இருக்கைக்கு முன்னால் நின்றார்கள். முதலில் ராஜினாமா, பிறகுதான் விவாதம் என்றார்கள். விவாதத்துக்கு எந்நேரமும் தயார் என்றார் சுஷ்மா. ஆகஸ்ட் 3 அன்று சபாநாயகர் சுமித்ரா மகாஜன் 25 காங்கிரஸ் உறுப்பினர்களை ஐந்து நாள் இடைநீக்கம் செய்தார். வெளியே காந்தி சிலை முன் சோனியா காந்தி தலைமையில் முழக்கம். நிதியமைச்சர் ஜேட்லியோ, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாத மாநிலங்களவை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அவையின் முடிவைத் திரும்பத் திரும்பத் தடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தொடரில் மாட்டிக்கொண்ட மசோதாக்களில் ஒன்று சரக்கு-சேவை வரிக்கான அரசியல் சட்டத் திருத்தம். அதன் பூர்வீகத்தைப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். 2011-இல் மன்மோகன் சிங் அரசு அதைக் கொண்டுவந்தபோது கடுமையாக எதிர்த்த மாநிலங்களில் முன்னணியில் நின்றது நரேந்திர மோடி முதல்வராக இருந்த குஜராத். 2015-இல் மோடி அரசு கொண்டுவந்தபோது வழிமறித்தது அதைப் பெற்றெடுத்த காங்கிரஸ். 2016 ஆகஸ்டில் ஒரு வழியாக மாநிலங்களவையில் நிறைவேறியது. அன்று வெளிநடப்புச் செய்த கட்சி அதிமுக. தன் நிலையை அது தொடக்கத்திலிருந்தே மாற்றிக்கொள்ளவில்லை என்பதை அதன் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கூட்டுக் குழு விஷயமும் அப்படியே. 2010-இல் அது இல்லாமல் உண்மை வெளிவராது என்றவர்கள், ரஃபேல் விமானத்துக்கும் பிறகு அதானி குழுமத்துக்கும் காங்கிரஸ் அதையே கேட்டபோது தேவையில்லை என்றார்கள். தேவையில்லை என்று 2010-இல் தொடங்கி மூன்று மாதம் பிடிவாதம் பிடித்தவர்கள், 2023-இல் அது இல்லாவிட்டால் அவையே வேண்டாம் என்றார்கள். இன்னும் பின்னால் போனால் 1987-இல் போஃபர்ஸ் பீரங்கி பேரம். குழு அமைந்தது, எதிர்க்கட்சிகள் அதைப் புறக்கணித்தன.

இதைச் சொல்லி ‘எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து போவது சுலபம். அதற்கு ஒரு சொற்பொழிவு தேவையில்லை, டீக்கடை போதும். ஜேட்லியின் வாதத்தில் உண்மையே இல்லையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இருக்கிறது. 2011 தொடக்கத்தில் மன்மோகன் சிங் அரசு கூட்டுக் குழுவுக்கு இறங்கி வந்ததற்கு ஒரே காரணம் அந்தக் குளிர்கால முடக்கம்தான். ஆனால் அந்தக் குழுவிலிருந்து என்ன கிடைத்தது? 2013-இல் அது கொடுத்த அறிக்கை பிரதமரைக் குற்றமற்றவர் என்றது, எதிர்க்கட்சிகள் அறிக்கையைத் தூக்கி எறிந்தன. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. ஐந்து வாரம் அமைச்சர்களை நிற்க வைத்துக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் கேட்கப்படாமலே போயின.

அமெரிக்க செனட்டிலும் தடுப்பு உண்டு. அங்கே பேசிப் பேசித் தடுக்கிறார்கள். 1957-இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் ஒரே மூச்சாகப் பேசினார். நோக்கம் கேவலமானது, ஆனால் வழி பேச்சு. அந்தத் தடுப்புரிமையை நீதிபதி நியமனங்களில் 2013-இல் பெரும்பகுதி வெட்டியது ஜனநாயகக் கட்சி. மிச்சமிருந்த உச்ச நீதிமன்றத்துக்கும் 2017-இல் வெட்டியது குடியரசுக் கட்சி. இரண்டு தடவையும் எதிர்த்தரப்பு ‘மரபு செத்தது’ என்று ஒப்பாரி வைத்தது. இங்கே முறை வேறு: பேசவிடாமல் தடுப்பது. கடைசியில் அவைக்குறிப்பில் மிஞ்சுவது ‘குறுக்கீடுகள்’ என்ற ஒற்றைச் சொல்.

அமளி நாள் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். காலை 11 மணி. மணி ஒலிக்கிறது, சபாநாயகர் வந்து கைகூப்பி அமர்கிறார். அன்றைய பட்டியலில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய வினாக்கள் 20. ஒவ்வொன்றும் குலுக்கலில் தேறி வந்தது. பதில் தயாரிக்க அமைச்சகத்தில் அதிகாரிகள் நாள் கணக்கில் கோப்புகளைப் புரட்டியிருப்பார்கள். முதல் வினா அழைக்கப்படுகிறது. உறுப்பினர் எழுந்து எண்ணைச் சொல்கிறார். அதற்குள் நாற்பது ஐம்பது பேர் அவையின் நடுப்பகுதிக்கு இறங்கிவிட்டார்கள். அமைச்சரின் வாய் அசைவது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. 11 மணி 6 நிமிடத்துக்கு ‘12 மணி வரை ஒத்திவைப்பு’. 12 மணிக்கு ஆவணங்கள் மேசையில் வைக்கப்படுகின்றன, மறுபடி ஒத்திவைப்பு. 2 மணிக்கு ஒரு மசோதா. இரைச்சலுக்கு நடுவே ‘ஆம் என்போர்’, ‘இல்லை என்போர்’, ‘ஆம் என்போரே மிகுதி’. நிறைவேறியது.

அந்த 20 வினாக்களின் எழுத்துப் பதில்களும் மேசையில் வைக்கப்பட்டுவிடும். காணாமல் போவது துணைக் கேள்விகள். கேள்வி நேரத்தின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. எழுதி வந்த பதிலை எந்த அமைச்சரும் படித்துவிடலாம். அதற்கு மேல் ஒருவர் எழுந்து ‘அப்படியானால்...’ என்று தொடங்கும்போதுதான் துறையைத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று வெளுக்கும்.

இதன் அருமையை நேரில் அனுபவித்தவர் ஒரு தமிழர்: நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1957-இல், புதிதாக அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் போட்டது. அது ஏன், யார் சொல்லி என்ற கேள்வி மக்களவையில் எழுந்தது. விடாமல் துருவியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரஸின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. பதாகை பிடிக்கவில்லை, மேசை மேல் ஏறவில்லை. தேதி வாரியாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து பேசினார். அரசு விசாரணைக்கு இறங்கியது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, சில வாரங்களில் அறிக்கை கொடுத்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஒரு நாள்கூட அவை முடங்காமல் ஒரு நிதியமைச்சர் வீட்டுக்குப் போன கதை இது.

1963-இல் நேரு அரசின் மீது வந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றுப்போகும் என்று கொண்டுவந்த ஆச்சார்ய கிருபளானிக்கே தெரியும். 347-க்கு 62. ஆனாலும் நான்கு நாள் பேசினார்கள். நாட்டில் 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார் ராம் மனோகர் லோகியா. இல்லை, 15 அணா என்றார் நேரு. அமைச்சர் குல்சாரிலால் நந்தா ஏழரை அணாவில் வந்து நின்றார். தனி ஒரு உறுப்பினர் எழுப்பிய கணக்கு, பிரதமரின் எண்ணை அவருடைய அமைச்சர் வாயாலேயே பாதியாகக் குறைத்தது. வறுமையை அளக்கும் எண்கள் குறித்து நாடே பேசத் தொடங்கியதில் அந்த ‘மூன்றணா விவாத’த்துக்குப் பங்குண்டு. இரைச்சலில் லோகியாவின் மூன்றணா யார் காதில் விழுந்திருக்கும்?

அதற்கு ஓராண்டு முன்னால் மாநிலங்களவையில் ஒரு கன்னிப் பேச்சு. பேசியவர் சி.என். அண்ணாதுரை. கேட்டது திராவிட நாட்டுக்குப் பிரிந்து போகும் உரிமை. சுதந்திரம் வாங்கிப் பதினைந்தே ஆண்டு ஆன நாட்டின் தலைநகரில், ஒன்றியத்தை உடைக்கச் சொல்லும் பேச்சு. குறுக்கிட்டார்கள், கோபப்பட்டார்கள், ஆனால் அவர் முடிக்கும் வரை கேட்டார்கள். பிறகு பதில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு பிரிவினையைத் தடுக்கும் 16-ஆவது திருத்தம் வந்தபோதும் அவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். அன்றைய அவை எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நெருக்கடி நிலையைப் பெற்றெடுத்ததும் அந்தத் தலைமுறைக் காங்கிரஸ்தான். ஆனால் அவ்வளவு பெரிய கருத்து வேறுபாட்டையும் காதால் கேட்க முடிந்தது என்பது உண்மை.

அமளியால் யாருக்கு லாபம்? பதில் 2018 மார்ச் 14-ஆம் தேதியின் அவைக்குறிப்பில் இருக்கிறது.

அந்த வாரங்களில் மக்களவையில் தினமும் புயல். ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டுத் தெலுங்கு தேசம் ஒரு பக்கம், காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுகவின் 37 பேர் இன்னொரு பக்கம். காவிரியில் தீர்ப்பு வந்து ஆறு வாரக் கெடு ஓடிக்கொண்டிருந்ததால் அவர்கள் கோரிக்கைக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கூச்சலையே காரணம் காட்டி, அவை ஒழுங்காக இல்லாததால் ஆதரிக்கும் 50 பேரை எண்ண முடியவில்லை என்று நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ்கள் நாள்தோறும் தள்ளிப்போயின. அதிமுக மத்திய அரசைத் திட்டுகிறதா, அரசுக்குக் குடை பிடிக்கிறதா என்று மற்ற எதிர்க்கட்சிகள் வெளிப்படையாகவே கேட்டன.

மார்ச் 14 அன்று, அந்த அமளிக்கு நடுவே, சுமார் 24 லட்சம் கோடி ரூபாய் வரவு செலவுத் திட்டத்தின் மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் விவாதமே இல்லாமல் அரை மணி நேரத்தில் நிறைவேறின. அந்த நிதி மசோதாவின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் ‘வெளிநாட்டு நிறுவனம்’ என்பதன் பொருள் முன்தேதியிட்டு மாறியது. எந்தத் தேதியிலிருந்து? 1976 ஆகஸ்ட் 5. நாற்பத்திரண்டு ஆண்டு பின்னோக்கி!

காரணம் இதுதான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் இந்தியத் துணை நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு கட்சிகளைச் சொல்லியிருந்தது. ஒன்று பாரதிய ஜனதா. மற்றொன்று காங்கிரஸ். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்த இரு கட்சிகளுக்கும் ஒரே வரியில் விடுதலை. அவை அமைதியாக இருந்து, யாராவது ஒரு சுயேச்சை எழுந்து ‘ஐயா, 1976 எதற்கு?’ என்று கேட்டிருந்தால் நிதியமைச்சர் என்ன சொல்லியிருப்பார்?

அடுத்த மாதம் 12-ஆம் தேதி, எதிர்க்கட்சிகள் அவையை முடக்கியதைக் கண்டித்துப் பிரதமரும் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 23 நாள் சம்பளமும் வேண்டாம் என்றார்கள். 2012-இல் முடக்கமே ஜனநாயகம் என்று சொன்ன கட்சி அது.

2023 மார்ச்சில் இந்தக் கலை இன்னொரு படி ஏறியது. லண்டனில் பேசியதற்கு ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சியே அவையில் முழக்கமிட்டது. எதிரே அதானிக்குக் கூட்டுக் குழு கேட்டு முழக்கம். இரு தரப்பும் சேர்ந்து முடக்கிய அந்த அவையில், ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகள் மறுபடியும் விவாதமின்றி நிறைவேறின.

அமைதி வந்தால் விவாதம் வந்துவிடும் என்றும் நம்ப முடியாது. 2009 முதல் 2014 வரை இருந்த 15-ஆவது மக்களவைதான் அமளிக்குப் பேர்போனது. திட்டமிட்ட நேரத்தில் 61 விழுக்காடுதான் வேலை நடந்தது. ஆனால் அந்தக் காலத்தில் வந்த மசோதாக்களில் 71 விழுக்காடு நாடாளுமன்றக் குழுக்களின் பரிசீலனைக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவை 88 விழுக்காடு நேரம் வேலை செய்தது. குழுக்களுக்குப் போன மசோதாக்கள் 16 விழுக்காடு. ஐந்து ஆண்டிலும் சேர்த்து அமர்ந்த நாட்கள் 274. முழுக்காலம் இருந்த அவைகளில் இதுவே மிகக் குறைவு. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் அமர்ந்தது. ஆக, இரைச்சலை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். கதவைத் தட்டும் சத்தம் நின்றுவிட்டது என்றால் கதவு திறந்துவிட்டது என்று பொருளாகாது.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில். பெருந்தொற்றைக் காரணம் காட்டி அந்தத் தொடரில் கேள்வி நேரமே கிடையாது. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தவர்களில் ஒருவர் திமுகவின் திருச்சி சிவா. இவரை இங்கே கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும். 2015 ஏப்ரலில் திருநர் உரிமைகளுக்காக இவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை இதே அவை ஒரு மனதாக நிறைவேற்றியது. பேசி, வாதாடி, எதிர்த்தரப்பையும் கரைத்து வாங்கிய வாக்கு அது. அப்படிப்பட்டவர் இப்போது கேட்டது வெறும் எண்ணிக்கை: குரல் வாக்கெடுப்பு வேண்டாம், பிரித்து எண்ணுங்கள். ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் எண்ண வேண்டும் என்பதுதான் மரபு. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் எண்ணவில்லை. கேட்டவர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்றது அரசுத் தரப்பு. சிவா இருக்கையில் இருந்தே கேட்டதை அவையின் ஒளிப்பதிவு காட்டியதாகப் பின்னர் செய்திகள் வந்தன.

எதிர்க்கட்சிகளும் அன்று சும்மா இருக்கவில்லை. விதிப் புத்தகத்தைத் தலைவர் மேடைக்கு முன் ஆட்டினார்கள், காகிதங்களைக் கிழித்தார்கள், ஒலிவாங்கிகளைப் பிடுங்கினார்கள். மறுநாள் எட்டுப் பேர் இடைநீக்கம். இரவு முழுக்க அவர்கள் காந்தி சிலை அருகே புல்வெளியில் படுத்திருந்தார்கள். விடிந்ததும் ஹரிவன்ஷே பையில் தேநீரும் சிற்றுண்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் குடிக்க மறுத்துவிட்டார்கள். பிறகு அவரும் ஒரு நாள் உண்ணாவிரதம் அறிவித்தார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. அவர்கள் இல்லாத அவையில், செப்டம்பர் 23 அன்று, மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வாங்க வேண்டிய தொழிற்சாலையின் அளவு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தும் மசோதா நிறைவேறியது அன்றைக்குத்தான். விவசாயிகளுக்காக வெளியே போனவர்கள் தொழிலாளர்களுக்காக உள்ளே இருந்திருக்கலாம். ஓராண்டுக்கும் மேலாக டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அந்த வேளாண் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்காவது விவாதம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கிடைக்கவில்லை. வந்தபோதும் எண்ணவில்லை, போனபோதும் பேசவில்லை.

எதிர்க்கட்சியை மட்டும் திட்டிப் பயனில்லாததற்கு ஒரு காரணம் அவையின் அமைப்பிலேயே இருக்கிறது. பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடரில் 20 நாள் எதிர்க்கட்சிகளுக்கு. அன்று எதைப் பேசுவது என்று அவர்கள்தான் முடிவெடுப்பார்கள். கனடாவிலும் ஆண்டுக்கு 22 நாள் அப்படி உண்டு. இங்கே அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. நிகழ்ச்சி நிரல் அரசின் கையில். 1985-இல் எல்லாக் கட்சிகளும் கைகோத்து நிறைவேற்றிய கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா சொன்னபடிதான் வாக்கு. விவாதத்தைக் கேட்டு மனம் மாறினாலும் கை மாற முடியாது. ஃபெரோஸ் காந்திகளுக்கு இன்று இடமில்லை. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தில், தொலைக்காட்சியின் கண்ணில் படக் கத்துவது ஒன்றுதான் வழி என்று உறுப்பினர் நினைத்தால் அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? இதை மாற்றும் அதிகாரம் ஆட்சிக்கு வரும் கட்சிக்கு உண்டு. வந்த எந்தக் கட்சியும் தொடவில்லை. 1997-இல் சுதந்திரப் பொன்விழாச் சிறப்புக் கூட்டத்தில், கேள்வி நேரத்தைக் குலைக்க மாட்டோம், அவையின் நடுவே இறங்க மாட்டோம் என்று இரு அவைகளும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டதோடு சரி.

இந்தக் கதை நெடுகிலும் ஒரு தமிழ்நாட்டுக்காரர் வந்து வந்து போகிறார்: அதிமுகவின் மு. தம்பிதுரை. 1989 மார்ச்சில், இந்திரா காந்தி கொலை குறித்த தக்கர் ஆணைய அறிக்கையை வெளியிடக் கேட்ட 63 எதிர்க்கட்சி உறுப்பினர்களை ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் ஒரே நாளில் இடைநீக்கம் செய்தபோது அவர் மக்களவைத் துணை சபாநாயகர். அந்தச் சாதனையை முறியடிக்க 2023 டிசம்பர் வர வேண்டியிருந்தது. அப்போது இரு அவைகளிலும் 146 பேர். அந்தப் பட்டியலில் முதல் நாளே, அன்று அவைக்கே வராத சேலம் திமுக உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபனின் பெயரும் இருந்தது. ஆள் அடையாளம் தவறிவிட்டது என்று பிறகு எடுத்தார்கள். 1998 ஜூலையில் வாஜ்பாய் அரசின் சட்ட அமைச்சராகப் பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதாவைக் கொண்டுவர முயன்றவர் தம்பிதுரை. ராஷ்ட்ரிய ஜனதா தள உறுப்பினர் ஒருவர் சபாநாயகர் பாலயோகியிடமிருந்து படிகளைப் பறித்துக் கிழித்தெறிந்தார். 2014 முதல் 2019 வரை மறுபடியும் துணை சபாநாயகர். காவிரிக்காகச் சொந்தக் கட்சிக்காரர்களே அவையின் நடுவே நின்றதையும் பார்த்தார்.

அவருக்குப் பிறகு 17-ஆவது மக்களவையின் ஐந்து ஆண்டும் அந்த நாற்காலி காலி. கூடிய விரைவில் நிரப்ப வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். எதிர்த்தரப்புக்குக் கொடுப்பது பழைய வழக்கம்.

2024 ஜூன் 25. புதிய மக்களவைக்குச் சபாநாயகரை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கலாமா என்று பேச அமைச்சர் ராஜ்நாத் சிங்கின் அலுவலகத்துக்குக் காங்கிரஸின் கே.சி. வேணுகோபாலும் திமுகவின் டி.ஆர். பாலுவும் போனார்கள். துணை சபாநாயகர் பதவியை எதிர்க்கட்சிக்குத் தருவதாக இப்போதே சொல்லுங்கள் என்றார்கள். சொல்லவில்லை. இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள். அன்றைக்கே போட்டி வேட்பாளரை நிறுத்தினார்கள். மறுநாள், ஜூன் 26 அன்று, குரல் வாக்கெடுப்பில் ஓம் பிர்லா மறுபடியும் சபாநாயகரானார்.

அதே ஜூன் 26, சென்னை கோட்டை. கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்திருந்தார்கள். கேள்வி நேரத்தை ஒத்திவைத்து அதைப் பேச வேண்டும் என்று முழக்கமிட்ட அதிமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டு, அந்தத் தொடர் முழுக்க இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2016 ஆகஸ்டில் திமுக உறுப்பினர்கள் ஏறத்தாழ அனைவரையும் ஒரு வாரம் வெளியே நிறுத்திவிட்டுக் காவல்துறை மானியத்தை நிறைவேற்றியது அதிமுக அரசு. அப்போது திமுகவினர் வளாகத்திலேயே மாதிரிச் சட்டமன்றம் நடத்தி ஜனநாயகப் படுகொலை என்றார்கள். இப்போது அதிமுகவினர் ராஜரத்தினம் மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்து அதையே சொன்னார்கள். டெல்லியில் டி.ஆர். பாலு எதிர்க்கட்சிக்காகக் கேட்டுவிட்டு வந்த அந்தத் துணை சபாநாயகர் நாற்காலி, சென்னையில் காலியாக இல்லை. அதில் இருந்தவர் திமுகவின் கு. பிச்சாண்டி. அவருக்கு முன்னால் அதிமுக ஆட்சியில் இருந்தவர், அதிமுகவின் பொள்ளாச்சி ஜெயராமன்.